நின்றால் படபடப்பு, கண் இருட்டு: பதினாறு வயதுப் பெண்ணுக்கு மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

மன்னார்குடி_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன ஐப்பசி மழையில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போனது. எங்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, அவளுக்கு மட்டும் காய்ச்சல் போன பிறகு இது ஆரம்பித்தது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கண் இருட்டுகிறது, கை கால் சில்லிட்டுப் போகிறது, படுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறாள். காலைதான் ரொம்ப மோசம். பிரேயரில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாள். தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் வடுவூர் தாண்டுவதற்குள் முகம் வெளிறிப் போகிறது. வகுப்பாசிரியை முதலில் பரிவாகத்தான் இருந்தார், இப்போது படிக்காததற்கு இது ஒரு சாக்கு என்கிறார்.

இசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் பரீட்சை பயம், இந்த வயதுப் பெண்களுக்கு வருவதுதான் என்று பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார், அதைச் சாப்பிட்டு நாள் முழுக்கத் தூங்கினாள், படபடப்பு அப்படியேதான் இருக்கிறது. மாமியார் வேப்பிலை அடிக்கச் சொல்கிறார். நாத்தனார் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார், பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து! கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் 'பாட்ஸ்' (POTS) ஆக இருக்கலாம், நின்றால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் நோய் என்று ஒரு பெயர் சொன்னார்.

என் தம்பி அதைத் தேடிப் படித்துவிட்டு, இந்த நோய் உள்ள இளம்பெண்களின் மூளை ஸ்கேனில் வித்தியாசம் தெரிகிறது என்று ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று அனுப்பினான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மூளையில் கோளாறா? எம்ஆர்ஐ எடுத்தால் தெரியுமா? மூளையில்தான் பிரச்சினை என்றால் முதல் டாக்டர் சொன்ன மாதிரி எல்லாம் மனசுதானா? கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தவள், இப்போது ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் மண்டையில் ஏறவில்லை என்று அழுகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குடந்தை_செவிலி

அக்கா, நான் கும்பகோணத்தில் இதயப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐ பற்றிய கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்வோம். அதற்கு முன் பத்து நிமிடத்தில், பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதை யாராவது செய்தார்களா? இசிஜி, எக்கோ இரண்டும் படுக்க வைத்து எடுப்பவை, இந்த நோயோ நின்றால்தான் வெளியே வரும். அதனால்தான் எல்லாம் நார்மல் என்று வருகிறது. அந்த நார்மல் பொய் இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை.

காலையில், வெறும் வயிற்றில், டீ காபி குடிக்காமல், பத்து நிமிடம் அமைதியாகப் படுக்க வையுங்கள். நாடித்துடிப்பும் பிபியும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். பேசக் கூடாது, காலை ஆட்டக் கூடாது. பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பும் பிபியும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், கீழே பாய் போட்டு வையுங்கள், கண் இருட்டினால் அந்த நிமிடமே நிறுத்திப் படுக்க வைத்துவிடுங்கள், பத்து நிமிடத்தை முடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. தனியாக மட்டும் செய்யவே கூடாது.

பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால் பாட்ஸ் என்று யோசிப்பார்கள். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த அளவு 40. வளரும் பிள்ளைகளுக்கு நின்றாலே துடிப்பு இயல்பாகவே கூடுதலாக ஏறும், அதனால்தான் இந்த வேறுபாடு. இதோடு இன்னும் இரண்டு வேண்டும். பிபி பெரிதாக விழக் கூடாது, அதாவது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது வேறு பிரச்சினை. தொந்தரவு மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஐப்பசியிலிருந்து என்றால் அது சரியாக வருகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்குச் செய்தி அனுப்ப, அது காலிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்களை இறுக்கி இதயத்தையும் கொஞ்சம் வேகப்படுத்தச் சொல்கிறது. நமக்கெல்லாம் துடிப்பு பத்து, இருபது கூடுவதோடு முடிந்துவிடும். பாட்ஸ் உள்ளவர்களில் சிலருக்குக் கால் பக்கக் குழாய்கள் சரியாக இறுகுவதில்லை, சிலருக்கு உடலில் இரத்த அளவே குறைவு, சிலருக்கு இதயத்தை வேகப்படுத்தும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது, பலருக்கு இவை கலந்தே இருக்கும். மிச்ச வேலை முழுவதும் இதயத்தின் தலையில் விழுகிறது.

உடனே போய்ப் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தால், குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், மயக்கத்தில் வெட்டி இழுத்தால், இதை பாட்ஸ் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

---

ஆரூர்_மாணவி

அக்கா, நான் திருவாரூரில் எம்எஸ்சி படிக்கிறேன், எனக்கும் இதே நோய்தான், பிளஸ் டூ படிக்கும்போது வந்தது. என்னிடமும் மனசுதான் என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உங்கள் தம்பி அனுப்பியது எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிலாந்தில் ஹியூகோ கிரிட்ச்லி என்ற ஆய்வாளரின் குழு, உடலும் மூளையும் ஒன்றுக்கொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பல வருடமாகப் படித்து வருகிறது. 2004ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவர் தன் நெஞ்சுத் துடிப்பைத் தானே எவ்வளவு சரியாக உணர்கிறார் என்பதற்கும் மூளையில் இன்சுலா என்ற பகுதியின் வலது முன்பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அதில் காட்டினார்கள். இன்சுலா வெளியே தெரியாது, காதுக்கு மேல் பக்கமாக மூளையின் ஒரு ஆழமான மடிப்புக்குள் இருக்கிறது. பசி, மூச்சுத் திணறல், நெஞ்சுத் துடிப்பு, வயிற்றுப் புரட்டல் என்று உள்ளுக்குள் நடப்பதெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது, பயம் போன்ற உணர்ச்சிகளோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

அதே குழுவினர் 2015ல் பாட்ஸ் நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களை நலமாக இருப்பவர்களின் படங்களோடு ஒப்பிட்டு, இடது இன்சுலா உட்படச் சில பகுதிகளில் அளவு சற்றுக் குறைவாக இருக்கிறது என்று எழுதினார்கள். இதைத்தான் உங்கள் தம்பி பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். படித்தால் பயம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அதில் இருந்த பாட்ஸ் நோயாளிகள் 11 பேர்தான். அந்த வித்தியாசம் குழுவின் சராசரியைக் குழுவின் சராசரியோடு கணினியில் ஒப்பிட்டால் மட்டும் தெரிவது, ஒரு தனிப் பெண்ணின் படத்தைத் தூக்கிப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மூன்றாவதுதான் முக்கியம். அந்த மாற்றத்தால் நோய் வந்ததா, நின்றபோதெல்லாம் இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டே இருந்ததால் மாற்றம் வந்ததா என்பதை ஒரே ஒரு முறை எடுத்த படம் காட்டாது. மூளை கெட்டுவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை.

ஆகவே, பாட்ஸைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டியதில்லை. எடுத்தால் பெரும்பாலும் நார்மல் என்றுதான் வரும், அந்தக் காகிதத்தை வைத்தே மறுபடியும் ஒன்றுமில்லை என்பார்கள். வேறு காரணம் இருந்தால் டாக்டரே எழுதுவார். ஒரு பக்கம் பலவீனம், இரட்டையாகத் தெரிவது, வலிப்பு இருந்தால் எடுப்பார்கள். நின்றால் கடுமையான தலைவலி வந்து படுத்தால் போய்விடுகிறதா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள், இருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், தண்டுவடத் திரவம் கசிந்தாலும் அப்படி வரும், அப்போது ஸ்கேனுக்கு அர்த்தம் இருக்கிறது.

அடுத்தது மனசுதானா என்ற கேள்வி. இதற்கு நேராகவே சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2007ல் வந்த ஆய்வில், உடம்பின் கீழ்ப்பாதியை ஒரு பெட்டிக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சி, நிற்கும்போது நடப்பதைப் போல இரத்தத்தைக் கீழே இழுத்தார்கள். இன்னொரு வேளையில் மனதுக்கு அழுத்தம் தரும் பணியையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் கீழே இறங்கியபோதுதான் பாட்ஸ் உள்ளவர்களின் துடிப்பு எகிறியது. துடிப்பு ஏறுவதற்குப் பதற்றம் காரணம் இல்லை என்பதுதான் அந்த ஆய்வின் முடிவே.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2009ல் சதீஷ் ராஜும் அவருடைய குழுவும் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். பதற்றத்தை அளக்கும் சில கேள்வித்தாள்களில் நெஞ்சு படபடக்கிறதா, தலை சுற்றுகிறதா, கை நடுங்குகிறதா என்றெல்லாம் இருக்கும். பாட்ஸ் உள்ள பெண் அத்தனைக்கும் ஆமாம் என்றுதானே எழுதுவாள்? மதிப்பெண் கூடிவிடும், பதற்ற நோய் என்று முத்திரையும் விழுந்துவிடும். உடம்பு அறிகுறிகளை ஒதுக்கி வைத்துப் பார்த்தால் அவர்களிடம் பதற்ற நோய் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. ஆனால் கவனம் நிற்பதில் உண்மையாகவே குறை இருந்தது. உங்கள் மகள் பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பது அதுதான் அக்கா, சோம்பேறித்தனம் இல்லை.

மூளைக்கு இரத்தம் குறைவதையும் அளந்திருக்கிறார்கள். நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் ஜூலியன் ஸ்டூவர்ட் குழு இளம் வயதினரை நிமிர்த்தி வைத்து, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்தை டாப்ளர் கருவியால் பார்த்தபோது அது மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. சிலர் நின்றதும் தங்களுக்கே தெரியாமல் வேகமாக மூச்சு விடுவார்கள், இரத்தத்தில் கரியமில வாயு குறையும், அது குறைந்தால் மூளையின் குழாய்கள் சுருங்கும், தலை இன்னும் சுற்றும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சமீபத்தில் செய்த ஆய்வில், மூளை மந்தம் இருக்கிறது என்று சொன்ன பாட்ஸ் நோயாளிகளைப் படுக்க வைத்தே, இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேன் எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் மூளையின் சில பகுதிகளுக்கு, குறிப்பாக நெற்றிப் பக்கத்துக்கு, இரத்த ஓட்டம் குறைவாக இருந்தது, அதுவும் படுத்த நிலையிலேயே. படுத்துக்கொண்டு படித்தாலும் மண்டையில் ஏறவில்லை என்று நான் சொல்லும்போது யாரும் நம்பாத காலத்தில் இந்த ஆய்வு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மூளையும் சேர்ந்திருக்கிறது என்பதும், மனசுதான் என்பதும் ஒன்றே இல்லை. முகுளம் இதயத்தை ஓட்டுகிறது, இதயம் ஓடுவதை இன்சுலா உணர்கிறது, உணர்ந்ததும் உடம்பு இன்னும் உஷாராகிறது. இந்தச் சுற்றில் உங்கள் மகள் இஷ்டப்பட்டுச் செய்வது எதுவும் இல்லை.

---

மாயூரம்_ஓய்வாசிரியர்

அம்மா, நான் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரேயரில் மயங்கி விழும் பெண் பிள்ளைகளை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் எளிது. விடிகாலையில் எழுந்து, வெறும் டீயைக் குடித்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். உடலில் இரத்தம் இருக்காது. பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி, வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவார்கள். மேலே இரண்டு பேரும் படித்தவர்கள், நான் மறுக்கவில்லை. ஆனாலும் இப்படி ஒரு பெரிய பெயரை வைத்து மூளை, ஸ்கேன் என்று போவதற்கு முன்னால் பிள்ளைக்கு இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்களா? இந்த வயதில் ஒரு நோயின் பெயரைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு உண்டு. அக்கறையில்தான் கேட்கிறேன்.

---

குடந்தை_செவிலி

ஐயா, இரத்தம் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி, நானே எழுதியிருக்க வேண்டிய இடம். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று வந்திருக்கிறது. இரத்தசோகை இருந்தாலே துடிப்பு கூடும், அதைச் சரி செய்யாமல் பாட்ஸ் என்று எழுதக் கூடாது. அதே நேரம் ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து சேமிப்பு இரும்பு மட்டும் தரைதட்டிக் கிடக்கும் பெண்களை நிறையப் பார்க்கிறோம். அமெரிக்காவில் பாட்ஸ் உள்ள பிள்ளைகளை வைத்து 2013ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் பாதிப் பேருக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது, இரத்தசோகை என்று சொல்லும் அளவுக்குப் போனவர்கள் அதைவிடக் குறைவுதான். ஆக இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தே இருக்கலாம். இரும்பு மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்காவது டீ காபி வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக ஏறும்.

பெரிய பெயர் என்று சொன்னீர்கள். இந்தப் பெயர் வைத்தது 1993ல், மேயோ கிளினிக்கில். ஆனால் நோய் புதிது இல்லை ஐயா. அமெரிக்க உள்நாட்டுப் போர் சிப்பாய்களிடம் இதைப் போலவே படபடப்பும் களைப்பும் தலைசுற்றலும் இருப்பதைக் கண்டு ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871லேயே எழுதியிருக்கிறார். ஆண்களுக்கு வந்தபோது எரிச்சலுற்ற இதயம் என்றார்கள், இன்று நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள், அவர்களுக்கு வந்தால் பரீட்சை பயம் என்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பெயர் கொடுத்தால் படுத்துவிடுவார்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. பெயர் கிடைக்காதபோதுதான் படுத்துவிடுகிறார்கள். இந்த நோய்க்குப் படுக்கையைப் போலக் கெடுதல் வேறு இல்லை. டல்லஸில் பெஞ்சமின் லெவின் குழு 2010ல் காட்டியது இதைத்தான்: பாட்ஸ் உள்ளவர்களின் இதயம் அளவிலேயே சிறியதாக இருந்தது, இரத்த அளவும் குறைவு, மூன்று மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்ததும் இரண்டும் கூடியது, பலருக்கு நின்றால் ஏறும் துடிப்பும் தணிந்தது. ஆனால் பயிற்சி நின்றுகொண்டு ஆரம்பிக்கக் கூடாது. சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், துடுப்பு வலிக்கும் கருவி, நீச்சல், பிறகு மெதுவாக நிமிர்ந்து. உடற்பயிற்சி ஆசிரியர் ஓடச் சொல்லி, பிள்ளை விழுந்து, இனிமேல் எதுவுமே வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிடுவதுதான் நம் பக்கம் அதிகமாக நடக்கிறது. காய்ச்சலுக்குப் பின் ஒரு சிறு வேலை செய்தாலும் அடுத்த நாள் எழவே முடியாத அளவு களைப்பு வருகிறது என்றால் மட்டும் பயிற்சியைக் கூட்டாமல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

---

மாயூரம்_ஓய்வாசிரியர்

விளக்கத்துக்கு நன்றி அம்மா. பிரேயரில் உட்கார அனுமதி, தண்ணீர் பாட்டில் மேசை மேல் வைத்துக்கொள்ள அனுமதி, காலை முதல் பாடவேளையில் தேர்வு வேண்டாம் என்று மூன்றையும் எழுதி, மருத்துவர் கையெழுத்தோடு தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். வகுப்பாசிரியையிடம் வாக்குவாதம் வேண்டாம். பொதுத்தேர்வுக்குக் கூடுதல் நேரமோ சலுகையோ கேட்பதென்றால் அதற்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும், கடைசி மாதத்தில் கேட்டால் நடக்காது, இப்போதே பேசி வையுங்கள்.

---

மன்னார்குடி_அம்மா

நீங்கள் மூவரும் எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டினேன். கேள்வித்தாள் பற்றி வந்த இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

நின்று பார்க்கும் சோதனையை இன்று காலை செய்தோம், என் கணவர் பக்கத்தில் நின்றார். படுத்திருந்தபோது துடிப்பு 74, பிபி 108/70. நின்ற மூன்றாவது நிமிடம் 112, ஐந்தாவது நிமிடம் 121, எட்டாவது நிமிடம் 126, பிபி 110/76. கால் பாதம் இரண்டும் கருஞ்சிவப்பாக மாறியது, அதைப் பார்த்து என் கணவர் பயந்துவிட்டார். எட்டாவது நிமிடத்தோடு நிறுத்திவிட்டோம். ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் இதுவரை பார்த்ததே இல்லை, நாளைக்குக் கொடுக்கிறோம்.

இதை வைத்து எங்கே போவது? உப்பு நிறையச் சாப்பிட வேண்டும் என்று வேறு எங்கேயோ படித்தேன், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிபி, சமையலில் உப்பே குறைவு. காதில் மின்சாரம் கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று தம்பி சொல்கிறான், வாங்கலாமா?

---

குடந்தை_செவிலி

52 கூடியிருக்கிறது, பிபி விழவில்லை, பாதம் சிவந்து கறுத்தது இரத்தம் கீழே தேங்குவதால். ஹீமோகுளோபினும் 12க்குக் கீழே இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் டாக்டர் பார்க்க வேண்டும். இந்த எண்களை நிமிட வாரியாக ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தஞ்சாவூர் மெடிக்கலிலோ திருச்சியிலோ இதய மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டலாம், முதல் வரியே இந்த எண்களாக இருக்கட்டும், பிரேயர் கதை அப்புறம். துடிப்பையும் பிபியையும் நம்மை அறியாமலே நடத்தும் தானியங்கு நரம்பு மண்டலத்தை முறையாகச் சோதிக்கும் ஆய்வகம் வேண்டுமென்றால் நமக்குக் கிட்ட புதுச்சேரி ஜிப்மர், தூரம் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். எல்லோருக்கும் அவ்வளவு தூரம் தேவைப்படாது.

மாத்திரை தேவைப்பட்டால் ப்ரோப்ரனலால், இவாபிரடின், மிடோட்ரின், ஃப்ளுட்ரோகார்டிசோன் என்று ஆளைப் பார்த்து எழுதுவார்கள். ப்ரோப்ரனலால் விஷயத்தில் குறைந்த அளவே நல்லது, 20 மில்லிகிராமில் கிடைத்த நிம்மதி 80ல் கிடைக்கவில்லை என்று 2009ல் ஒரு ஆய்வு காட்டியது. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாக வாங்கிவிடாதீர்கள்.

உப்பு விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான். பெரியவர்கள் பிபிக்காகக் குறைப்பது சரி, அவளுக்கு மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும், அதுவும் சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, டாக்டர் சொல்லும் அளவுக்கு. அதற்குத் தனிச் சமையல் தேவையில்லை, அவள் தட்டில் மட்டும் நார்த்தங்காய் ஊறுகாய், அவள் டம்ளரில் மட்டும் உப்புப் போட்ட மோர்.

---

ஆரூர்_மாணவி

காது விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். அது உண்மையான ஆராய்ச்சிதான். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டில், மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை வருகிறது, அங்கே லேசான மின்தூண்டல் கொடுத்தால் செய்தி முகுளத்துக்குப் போகும். ஓக்லஹோமாவில் 26 பேரை இரண்டு பிரிவாக்கி, தினமும் ஒரு மணி நேரம், இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024ல் வந்த முடிவு: சரியான இடத்தில் தூண்டல் பெற்றவர்களுக்கு நின்றால் துடிப்பு சுமார் 18 மட்டும் கூடியது, தோடு போடும் கீழ் மடலில் பேருக்குத் தூண்டல் பெற்றவர்களுக்குச் சுமார் 32. எனக்கு இதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது, மூளை வழியாகவே இந்தச் சுற்றை அமைதிப்படுத்த முடியும் என்று தெரிகிறதே. ஆனால் 26 பேர்தான். ஆன்லைனில் விற்கிற கருவிகளுக்கும் அந்த ஆய்வில் பயன்படுத்தியதற்கும் தொடர்பு இருக்கும் என்று நம்ப முடியாது. அந்தப் பணத்தை இப்போதைக்கு ஃபெரிட்டினுக்கும் ஒரு நல்ல பிபி மெஷினுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீட்டில் உதவியதைச் சொல்கிறேன், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். காலையில் கண் விழித்ததும் எழாமல், படுக்கை பக்கத்தில் முந்தின இரவே வைத்த தண்ணீரில் அரை லிட்டர் குடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகுதான் எழுவேன். அதன் பிறகு பழைய சோற்று நீராகாரம் உப்புப் போட்டு. வெளியே போனால் ஓஆர்எஸ் எடுத்துப் போவேன். ஒரு முழுப் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், பலர் ஒரு டம்ளரில் கரைத்துக் குடிக்கிறார்கள், அது தவறு. லிட்டர் பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம் இருக்கிறது, சர்க்கரைத் தண்ணீரை ஓஆர்எஸ் மாதிரிப் பெட்டியில் அடைத்து விற்பதையும் பார்த்து ஒதுக்குங்கள்.

மத்தியானம் நம் ஊர் வழக்கப்படி ஒரு கட்டுக் கட்டினால் இரத்தம் எல்லாம் குடலுக்குப் போய், சாப்பிட்ட அரை மணியில் கண் சொருகும். அதே சோற்றை இரண்டு வேளையாகப் பிரித்துவிட்டேன். வெந்நீர்க் குளியலும் ஆகாது. இறுக்கமான நீளக் காலுறை உதவும் என்பதற்குக் கல்கரியில் 2021ல் நல்ல ஆய்வு வந்திருக்கிறது, ஆனால் வயிறும் தொடையும் சேர்த்து இறுக்கினால்தான் பலன் அதிகம், வெறும் முழங்கால் வரை போடுவது போதாது. நம் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கட்டுகிற வயிற்று பெல்ட்டை வெளியே போகும்போது மட்டும் கட்டிக்கொள்கிறேன், அது தாங்குகிறது. வரிசையில் நிற்க வேண்டி வந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கி இறுக்கி விடுவேன், சும்மா மட்டும் நிற்க மாட்டேன். மாதவிடாய் நாட்களில் எல்லாமே கூடும், அந்த நாட்களில் தண்ணீரையும் உப்பையும் கூட்டிக்கொண்டு, முக்கியமான வேலை எதையும் காலையில் வைத்துக்கொள்வதில்லை. அவள் நன்றாகத் தேறிய பிறகு சாயங்கால வேளையில் ஹரித்ராநதிக் கரையைச் சுற்றி நடக்கப் போகலாம், இப்போது வேண்டாம், இப்போது பாயில் படுத்தபடி காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி போதும்.

படிப்புக்கு: அவளுக்குத் தலை தெளிவாக இருப்பது எந்த நேரம் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், பலருக்குச் சாயங்காலம்தான். கணக்கை அப்போது வைத்துக்கொள்ளட்டும், தரையில் காலை மடக்கிச் சப்பணமிட்டு உட்கார்ந்தால் நாற்காலியில் தொங்கவிட்டு உட்காருவதைவிட நன்றாக இருக்கும்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது, குணமாகுமா என்பது. மேயோ கிளினிக்கில் இளவயதில் பாட்ஸ் வந்தவர்களைச் சுமார் ஐந்து வருடம் கழித்துத் தேடிக் கேட்டார்கள். 2016ல் வந்த அந்த ஆய்வில் 19 விழுக்காட்டினர் முழுக்கக் குணமாகிவிட்டது என்றார்கள். எப்போதாவது மட்டும் வருகிறது, இருக்கிறது ஆனால் முன்னைவிடக் குறைந்துவிட்டது என்றவர்களையும் சேர்த்தால் 86 விழுக்காடு. இதையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள் அக்கா.

---

மன்னார்குடி_அம்மா

படித்துக் காட்டிவிட்டேன் அம்மா. வெள்ளிக்கிழமைக்குத் தஞ்சாவூரில் நரம்பியல் டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று, உட்கார்ந்து போகிற மாதிரி முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். எண்களை எழுதிய தாள், ஃபெரிட்டின் ரிப்போர்ட், ஐயா சொன்ன மாதிரிப் பள்ளிக்கு எழுதிய கடிதம் மூன்றையும் எடுத்துப் போகிறேன், கடிதத்தில் அங்கேயே கையெழுத்துக் கேட்டுவிடுகிறேன். டாக்டர் சொல்வதை வந்து எழுதுகிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம், முத்துப்பேட்டை பக்கம் வேறு யாருடைய பிள்ளைக்காவது இப்படி இருந்தால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், சேர்ந்து விசாரிக்கலாம்.